அண்ணியின் ஐந்து வாக்கியங்கள்

என் அண்ணி கோபம் வந்தால் கத்தமாட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். துடைத்ததையே மறுபடியும் துடைப்பாள். போலீஸ் பயிற்சிப் பள்ளிக்குப் பாடம் எடுக்கப் போக ஆரம்பித்த பிறகு அவள் கண்ணாடி துடைத்த நேரத்தில் எங்கள் தெருவில் இருக்கிற ஜன்னல்களையெல்லாம் துடைத்து முடித்திருக்கலாம். நான் அப்படி இல்லை. எனக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்பது யார் என்று பார்க்கமாட்டேன். அதனால்தான் அவள் கதையை நான் சொல்கிறேன். அவளிடம் விட்டால் பாதிப் பேரை மன்னித்துவிட்டு, மீதிப் பேரை மறந்துவிட்டுச் சொல்வாள்.

அண்ணி பெரிய ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் நர்ஸ். அண்ணன் அங்கே நோயாளியாகப் போன இடத்தில் பழக்கம் என்று எங்கள் சொந்தக்காரர்கள் கதை கட்டினார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அவள்தான் ஒரு பழைய தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தாள். கடையின் முன்பக்கத்தில் நான் துணி தைக்கிறேன். பின்னால், ஒரு கதவு தள்ளி, அண்ணன் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறான். அவள் மெஷினை அவன் மறுபடியும் கெட்டுப்போகிற மாதிரியே சரி செய்து கொடுத்தான். அவளும் மறுபடி மறுபடி வந்தாள். கடைசியில் அவனே உண்மையை ஒப்புக்கொண்டு, கூடவே தன் நோயைப் பற்றியும் சொல்லிவிட்டான். அதைக் கேட்டு அவள் ஓடவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்றுதான் கேட்டாளாம்.

நோய் என்றால் இதுதான். நன்றாக இருக்கிற நாட்களில் அண்ணனைப் போல ஒரு வேடிக்கைக்காரனைப் பார்க்க முடியாது. உடம்பு கெடும்போது மட்டும், தன்னைச் சுற்றி இருக்கிற எல்லாருக்கும் யாரோ பேசச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றும். நான் "சாப்பிட வா" என்று கூப்பிட்டால், "இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்பான். கேட்கும்போது அவன் கண்ணில் அப்படி ஒரு பயம் இருக்கும். மாத்திரை சரியாக வேலை செய்கிற வரைக்கும் அந்தப் பயம் எங்கோ தூரத்தில் கிடக்கும்.

சில வருஷங்களுக்கு முன்னால் அது கிட்டே வந்துவிட்டது. அண்ணன் நடுரோட்டில் நின்று ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி, உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்க ஆரம்பித்தான். யாரையும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. போலீஸ் வந்தது. கையைப் பின்னால் முறுக்கிக் கட்டி, குப்புறப் போட்டு, நாலு பேர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். அன்றைக்கு வார்டில் டியூட்டியில் இருந்தது அண்ணி. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவளும் அவள்தான். தோள் மூட்டு நழுவியிருந்தது. அதற்கப்புறம் அவன் வலது கை தோளுக்கு மேல் எழும்பவே இல்லை. உயரத்து அலமாரியில் இருந்த கருவிகளையெல்லாம் நான்தான் கீழே எடுத்து வைத்தேன்.

தெளிந்து வந்த பிறகு அவன் அண்ணியிடம் ஒன்றே ஒன்று கேட்டான். இன்னொரு தடவை அவர்கள் என் மேல் கை வைக்கக்கூடாது. சரி என்று சொல்லிவிட்டாள். எப்படிச் சொல்லலாம்? ஊரில் இருக்கிற போலீஸ்காரர்கள் எல்லாம் என்ன இவள் மாமன் மச்சானா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சும்மா சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான் வழி என்று முடிவு கட்டிக்கொண்டு, போலீஸ் தலைமை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். இன்றைக்கு அதிகாரி இல்லை, நாளைக்கு வாருங்கள். நாளைக்குப் போனால் கூட்டத்தில் இருக்கிறார். கூட்டம் முடிந்தால் அந்த அதிகாரியே மாறிப்போயிருப்பார். புதிதாக வந்தவரிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருவழியாக, வாரத்துக்கு ஒரு காலைப்பொழுது வந்து பாடம் எடுக்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். அதையும் ஏதோ பெரிய சலுகை போலத்தான் கொடுத்தார்கள்.

முதல் வகுப்பு முடிந்து வந்தவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தாள். தெருவில் ரோந்து போகிறவர்கள் ஒருவர்கூட வரவில்லையாம். ஸ்டேஷன்காரர்கள் யாரை விட்டுக்கொடுக்க முடியுமோ அவர்களை அனுப்பியிருக்கிறார்கள். முட்டிவலிக்காரர் ஒருவர், அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர் ஒருவர், சமையலறைக் கணக்குப் பார்க்கிறவர், போலீஸ் பேண்டில் ஊதுகிறவர்கள் இரண்டு பேர். ஊதுகிறவர்கள் நன்றாகக் கவனித்தார்களாம். அவர்களுக்கு மூச்சை அடக்கிப் பழக்கம். மற்றவர்களில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள்.

ரோந்து போகிறவர்களை அனுப்புங்கள் என்று அவள் பள்ளித் தலைவரிடம் போய் நின்றாள். அவர் நல்ல மனுஷன். டீ வாங்கிக் கொடுத்து, உட்காரவைத்து, ரோந்து போகிறவர்கள் வகுப்புக்கு வந்துவிட்டால் ரோந்துக்கு யார் போவது என்று கேட்டாராம். இதற்குப் பதில் சொல்ல எனக்கு நாலு வார்த்தை தெரியும். அதில் ஒன்றைக்கூட அண்ணி சொல்லமாட்டாள். வாரம் தவறாமல் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். டீச் செலவு தாங்கவில்லையோ என்னவோ, கடைசியில் நிஜமாகவே ரோந்து போகிறவர்களை அனுப்ப ஆரம்பித்தார்.

இப்போது வேறு தொல்லை. மனம் உடைந்து நிற்கிற ஒரு ஆளிடம் போனால் முதலில் அவசரப்படாமல் நில்லுங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள் என்று அண்ணி சொல்வாள். எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும் என்று எழுந்து கேட்பார்கள். அது ஆளைப் பொறுத்தது என்பாள். பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். பரீட்சைக்கு வராத எதையும் போலீஸ்காரன் எழுதிக்கொள்ளமாட்டான் என்பது அவளுக்கு அப்புறம்தான் புரிந்தது. பள்ளித் தலைவரும் அதையேதான் சொன்னார்.

"பாயின்ட் பாயின்ட்டா கொடுங்க மேடம். பாயின்ட் இல்லைன்னா பரீட்சை எப்படி வைக்கிறது? பரீட்சை இல்லைன்னா இவங்களை வகுப்புல எப்படி உட்கார வைக்கிறது?"

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிப் புலம்பினாள். அண்ணன் சிரித்தான். பாயின்ட்தானே வேண்டும், கொடுத்துவிடலாம் என்று தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவனே நோயாளியாக நடிக்க உட்கார்ந்துவிட்டான். நோயாளி வேஷம் கட்ட அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அண்ணி ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிப் பார்ப்பாள். சரியில்லாததை அவன் அடித்துத் தள்ளுவான். "'அமைதியா இருங்க'ன்னு சொல்லவே சொல்லாதே. அதைக் கேட்டு உலகத்துல யாரும் அமைதியானதில்லை" என்றான். இப்படியாக ஐந்து வாக்கியங்கள் தேறின. முதலில் உங்கள் பெயரை அவரிடம் சொல்லுங்கள். நான் உங்களைப் பிடிக்க வரவில்லை, உதவி செய்ய வந்தேன் என்று சொல்லுங்கள். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் பயந்துபோயிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது என்று சொல்லுங்கள். கடைசியாக, இப்போது என்ன செய்தால் உங்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். அவ்வளவுதான். குழந்தைக்குக்கூடப் புரியும்.

போலீஸ்காரர்களுக்குக் கொண்டாட்டம். மளமளவென்று எழுதிக்கொண்டார்கள். ஒருநாள் அண்ணிக்குச் சாப்பாடு கொடுக்க நான் பயிற்சிப் பள்ளிக்குப் போயிருந்தேன். இரும்பு நாற்காலிகளும் கடகடவென்று ஓடுகிற மின்விசிறிகளும் நிறைந்த நீளமான அறை. மொத்த வகுப்பும் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "நீங்க பயந்து போயிருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது" என்று ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற எனக்கே பயம் வந்துவிட்டது. அண்ணி கரும்பலகை ஓரமாக நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மனப்பாடம் செய்யாதீர்கள், சொந்த வார்த்தையில் சொல்லுங்கள் என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாலும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொந்த வார்த்தையில் எழுதினால் மார்க் குறைந்துவிடுமே.

அந்த வகுப்பில் ஒருவர் ஐந்தையும் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து முதலாவதாக வந்தார். நல்ல உயரம், மடிப்புக் கலையாத சட்டை, அதிர்ந்து பேசாத ஆள். வீட்டில் நாங்கள் அவருக்கு முதல்மார்க் என்று பெயர் வைத்திருந்தோம். தேர்வில் கடைசிக் கேள்வியாக, இதைத் தவிர நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று அண்ணி கேட்டிருந்தாள். முதல்மார்க் அதற்கு, "இதைத் தவிர எதுவும் சொல்லமாட்டேன்" என்று அழகான கையெழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அண்ணன் அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

அவன் அப்படிச் சிரித்ததுதான் கடைசி. மாத்திரையினால் அவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஊசியைப் பூட்ட முடியவில்லை, சின்ன திருகாணியைப் பிடிக்க முடியவில்லை. அவனே டாக்டரிடம் கெஞ்சி மாத்திரையைக் குறைத்துக்கொண்டான். கை நடுக்கம் நின்றது. சந்தோஷமாக வேலை செய்தான். அப்புறம் தூக்கம் குறைந்தது, பேச்சு குறைந்தது. ஒருநாள் காலையில் நான் டீயை நீட்டியபோது, "இதை யார் கொடுக்கச் சொன்னது?" என்று கேட்டான். நான் அண்ணியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் பள்ளியிலிருந்து நேராக வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், அதுவரைக்கும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். அண்ணனும் சரி என்றான். நன்றாகத்தான் தலையாட்டினான்.

தையல் கடைக்கு வருகிற எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இன்னும் முடியலையா?" அன்றைக்கு ஒரு அம்மா வந்து கேட்டாள். அவள் போவதற்குள் இன்னொருவர் வந்து அதையே கேட்டார். பின்னாலேயே பள்ளிச் சீருடை கொடுத்திருந்தவள் வந்து, வாசலில் கால் வைக்கும்போதே, "இன்னும் முடியலையா?" என்றாள். அறைக் கதவு திறந்தது. அண்ணன் வெளியே வந்து என்னைப் பார்த்து, "பார்த்தியா, எல்லாருக்கும் ஒரே பாடம்" என்றான். என் மேசையில் இருந்த பெரிய துணி வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

நான் அண்ணிக்குப் போன் செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். உதவியாம். தன் கடையில் சில்லறை மாற்றிக் கொடுக்கக்கூட இதுவரைக்கும் கை நீளாத மனுஷன், அன்றைக்குப் பார்த்து உதவி செய்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டேன். கதவில் ஒரு சின்ன விரிசல் உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். ரிப்பேருக்கு வந்த மெஷின்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, கத்தரியின் முனையைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

போலீஸ் வண்டி வந்து நின்றது. இறங்கி வந்தவரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. முதல்மார்க்! கூடவே இன்னொருவர் நொண்டிக்கொண்டே இறங்கினார். அவரும் அண்ணியிடம் படித்த முட்டிவலிக்காரர். ஆள் பற்றாக்குறையில் அவரையும் ரோந்துக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள்; அதனால் மறுபடியும் வகுப்புக்கு வந்து அந்த ஐந்து வாக்கியங்களையும் படித்திருந்தார். ஊரில் இத்தனை போலீஸ்காரர்கள் இருக்க, நம்மிடம் படித்தவர்களே வந்துவிட்டார்கள், இனி கவலை இல்லை என்று நினைத்தேன். என்னை விட மடச்சி யாரும் இருக்க முடியாது.

முட்டிவலிக்காரர் அறையின் ஜன்னலைப் பார்த்துக்கொள்ளப் பின்பக்கச் சந்துக்குப் போனார். முதல்மார்க் என்னை விலகச் சொல்லிவிட்டுக் கதவருகே நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு தன் பெயரைச் சொன்னார். உங்களைப் பிடிக்க வரவில்லை, உதவி செய்ய வந்தேன் என்றார். உங்களை எப்படிக் கூப்பிடட்டும் என்றார். பரீட்சையில் எழுதியது போலவே ஒரு எழுத்துப் பிசகவில்லை. உள்ளே ஏதோ அசைந்தது. அவன் கேட்கிறான் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அப்போது பின்பக்க ஜன்னலிலிருந்து இன்னொரு குரல் கேட்டது. முட்டிவலிக்காரர், இந்தப் பக்கம் நடப்பது தெரியாமல், தன் பெயரைச் சொன்னார். உங்களைப் பிடிக்க வரவில்லை, உதவி செய்ய வந்தேன் என்றார். அதே வார்த்தை. அதே வரிசை. வகுப்பில் கத்திக் கத்தி இரண்டு பேருக்கும் ராகம்கூட ஒன்றாகிப் போயிருந்தது.

அண்ணன் ஒரு சத்தம் போட்டான். அப்படி ஒரு சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை, இனிமேலும் கேட்கக்கூடாது. அவன் வாழ்நாள் முழுக்கப் பயந்த ஒன்று, கதவிலும் ஜன்னலிலும் சீருடை போட்டு வந்து நின்றுகொண்டிருந்தது. முதல்மார்க் என்ன செய்தார் தெரியுமா? பயந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு நான்காவது வாக்கியத்தைச் சொன்னார். பின்பக்கத்திலிருந்தும் நான்காவது வாக்கியம் வந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, வாயை மூடுங்கள் என்று கத்தினேன். போலீஸ்காரர் சட்டையைப் பிடிக்கலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. அவர் பாவமாக என்னைப் பார்த்து, இன்னும் ஒன்றுதான் பாக்கி என்றார்.

இதற்குள் அவர் இடுப்பில் இருந்த வயர்லெஸ் கரகரத்தது. இன்ஸ்பெக்டர். என்ன நிலவரம் என்று கேட்டார். ஆயுதம் வைத்திருக்கிறார், கதவைத் திறக்கவில்லை என்று முதல்மார்க் சொன்னார். அப்படியானால் கதவை உடைத்து ஆளைத் தூக்கு என்று பதில் வந்தது. உடைத்தால் அந்தக் கத்தரி என்ன ஆகும் என்று அவருக்கு என்ன தெரியும்? தெரிந்தாலும் அவருக்கு என்ன?

அண்ணி வந்து சேர்ந்தாள். கையில் சுண்ணாம்புத்தூள் அப்படியே இருந்தது. நடந்ததை நான் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. கதவருகே தரையில் உட்கார்ந்து, "என்னங்க, நான் வந்துட்டேன்" என்றாள்.

அப்புறம் உள்ளிருந்து, "நீதானே சொல்லிக் கொடுத்தே?" என்று கேட்டான்.

இல்லை என்று சொல்லேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பொய் சொல்கிறார்கள். இவள் ஒரு தடவை சொன்னால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? ஆனால் அவள் வார்டில் யாரிடமும் பொய் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை.

"ஆமாங்க. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

அவளை அறையலாமா என்று இருந்தது எனக்கு. அவள் நிறுத்தாமல் பேசினாள்.

"இந்த ரெண்டு பேருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அப்போ நீங்களும் கூட இருந்தீங்க. மத்த யாருக்கும் நான் சொல்லிக் கொடுக்கல. கடைக்கு வந்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கல. உங்க தங்கச்சிக்கும் சொல்லிக் கொடுக்கல. சொன்னாலும் அவ கேக்கமாட்டா."

விரிசல் வழியாகப் பார்த்தேன். கத்தரி கழுத்தில்தான் இருந்தது, ஆனால் அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "அப்போ அந்த ஆளை வேற ஏதாவது பேசச் சொல்லு" என்றான். "நீ சொல்லிக் கொடுக்காதது."

அண்ணி முதல்மார்க்கைப் பார்த்தாள். முதல்மார்க் அண்ணியைப் பார்த்தார். இப்படி ஒரு கேள்விக்குத்தான் அடிக்கோடு போட்டுப் பதில் எழுதியிருந்தார். கடைசியில் குனிந்து, அண்ணியின் காதருகே, "என்ன மேடம் சொல்லட்டும்?" என்று கேட்டார்.

"நான் சொன்னா அது நான் சொல்லிக் கொடுத்ததாயிடும். நீங்களே பேசுங்க."

வயர்லெஸ் மறுபடியும் கரகரத்தது. கதவை உடைத்தாயா இல்லையா என்று கேட்டது. முதல்மார்க்குக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த மடிப்புக் கலையாத சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கதவைப் பார்த்தார், வயர்லெஸைப் பார்த்தார், பிறகு அதை அணைத்துவிட்டார். அண்ணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"சார், எனக்கு ஒண்ணும் தோணல" என்றார். பரீட்சைக் குரல் போய்விட்டது. இது யாரோ வேறு ஆள் பேசுவது போல இருந்தது. "கதவை உடைன்னு மேலிடத்துல சொல்றாங்க. உடைச்சா நீங்க குத்திக்குவீங்களோன்னு பயமா இருக்கு. உடைக்கலைன்னா என் வேலை போயிடுமோன்னும் பயமா இருக்கு. கை நடுங்குது சார். என்ன பண்றதுன்னே தெரியல."

வாசலில் கூடியிருந்த கூட்டம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. உள்ளிருந்து அண்ணன் கேட்டான்.

"இதை யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல சார். இப்படியெல்லாம் சொன்னா மார்க் போயிடும்."

உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. அண்ணிக்குத் தெரிந்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் அவன் உடனே வெளியே வரவில்லை. கூட்டத்தை அனுப்பச் சொன்னான். அனுப்பினோம். செருப்புக் கடைக்காரரை நானே தள்ளிக்கொண்டு போய் அவர் கடையில் விட்டேன். மகா திருப்தியாக இருந்தது. முட்டிவலிக்காரரை ஜன்னலைவிட்டு விலகச் சொன்னான். அவரும் விலகினார். பிறகு முதல்மார்க்கிடம், "என் மேல கை வைப்பீங்களா?" என்று கேட்டான். வைக்கமாட்டேன் சார் என்றார் அவர். அப்படிச் சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது என்பது எனக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மேசை மேல் கத்தரியை வைக்கிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது.

அண்ணன் வெளியே வந்தபோது பாதியாக வற்றிப்போயிருந்தான். அண்ணி அவன் பக்கத்தில் நின்றாள், தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். போகலாம் என்றான். அவ்வளவுதானே, முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். முடியுமா? முட்டிவலிக்காரர் நொண்டி நொண்டி வந்து, கையில் விலங்கை வைத்துக்கொண்டு சங்கடமாக நின்றார். தகவல் கொடுத்து வந்த கேஸ், போலீஸ் வண்டியில்தான் கூட்டிப்போக வேண்டும். வண்டியின் பின்பக்கத்தில் ஏற்றுகிற ஆளுக்கு விலங்கு மாட்ட வேண்டும். அது விதி.

அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அண்ணி கண்ணாடியைக் கழற்றினாள். நான் வாயைத் திறந்தேன். விதியைப் பற்றி, விதியை எழுதினவரைப் பற்றி, எழுதினவரின் பரம்பரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். முதல்மார்க் நான் சொன்ன எதையும் கேட்டமாதிரி தெரியவில்லை. விரலை மடக்கிக்கொண்டு, மனசுக்குள் ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"பின்பக்கம் ஏத்தினாத்தான் விலங்கு" என்றார் மெதுவாக. "முன்சீட்டைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல."

வண்டியின் முன்கதவைத் திறந்தார். அது அவருடைய இடம். டிரைவர் பக்கத்தில், ஜன்னலோரம். அண்ணன் வண்டியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், ஏறி உட்கார்ந்துகொண்டான். முட்டிவலிக்காரரை ஸ்டேஷனுக்கு நடந்து போகச் சொல்லிவிட்டு முதல்மார்க் பின்னால் எங்களோடு ஏறினார். கடைப்பூட்டைப் போட்டுவிட்டு நானும் ஏறினேன்.

அந்த இடத்தில் மனுஷனை உட்காரவைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. இரண்டு பக்கமும் இரும்புப் பலகை. ஜன்னல் கிடையாது. பினாயில் நெடி. டிரைவருக்கும் எங்களுக்கும் நடுவில் கம்பி வலை. ஒவ்வொரு குழியிலும் வண்டி எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. சில வருஷங்களுக்கு முன்னால் என் அண்ணன் இதில்தான் குப்புறக் கிடந்து வந்தான் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் டிரைவர் சைரனைப் போட்டார். அண்ணன் ஏதோ சொன்னான். டிரைவர் அதை நிறுத்தினார்.

முதல்மார்க் இடிபட்டுக்கொண்டே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தபடி வந்தார். இன்ஸ்பெக்டரிடம் போய் என்ன சொல்வது என்ற கவலையாக இருக்கும் என்று நினைத்தேன். பாதி வழியில் அண்ணி பக்கம் சாய்ந்து, மரியாதையாகக் கேட்டார்.

"மேடம், நான் அங்க சொன்னேனே, பயமா இருக்குன்னு. அதை அடுத்த வகுப்புக்கு ஆறாவது பாயின்ட்டா சேர்த்துக்கலாமா?"

அண்ணி அவரை வெறித்துப் பார்த்தாள். அவள் இத்தனை வருஷம் அடக்கிவைத்த எல்லாம் இப்போது வெளியே வரப்போகிறது, கண்குளிரப் பார்க்கலாம் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவளோ சிரிக்க ஆரம்பித்தாள், அது அழுகையாக மாறியது, கண்ணாடியைக் கழற்றவும் தோன்றாமல் அழுதாள். முதல்மார்க் கலங்கிப்போய்க் கைக்குட்டையை நீட்டினார். மடிப்புக் கலையாத கைக்குட்டை.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. முன்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. முதல்மார்க் அவசரமாக எழுந்து பின்கதவைத் தள்ளினார். அது அசையவில்லை. உள்ளே இருக்கிறவர்கள் திறக்க முடியாத மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். டிரைவர் யாரிடமோ பேச வார்டுப் பக்கம் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் அந்த இருட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெளியே காலடிச் சத்தம் சுற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் கதவைத் திறந்துவிட்டு, நாங்கள் இறங்குவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.